அமராவதிக்குக் காது குத்து

வாகீஸ்வரியின் ஜன்னல் திரைக்குத் தெரியாமல் கோலசிலாங்கூரில் அந்தத் தெருவை ஒரு கோழிகூடக் கடந்ததில்லை. ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்த கணவர் ஓய்வுபெற்று டவுனுக்குக் குடிவந்த பிறகும், அம்மாள் வேவு பார்ப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. எதிர்வீட்டில் ரெங்கசாமி அனாதை இல்லம் திறந்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று.

ஞாயிறுதோறும், ஆற்றங்கரையில் மின்மினி பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களின் வேன் வழியில் அங்கே நிற்கும். பிள்ளைகள் பாடுவார்கள். காலியாக இருக்கும் மடியில் ஏறி உட்கார்ந்து "மம்மி" என்பார்கள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்து, படம் பிடித்து, புதுத்துணிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் புதுத்துணியைப் பிறகு எந்தப் பிள்ளை உடம்பிலும் காணோம். அடுத்த ஞாயிறும் கிழிசல்தான். இவ்வளவும் திரை இடுக்கில் கண்டது.

மீதியை அறிய அம்மாள் வடைத் தட்டோடு உள்ளே போனார். அமராவதி என்ற சிறுமியின் காது மூளியாக இருந்தது.

"என்ன பிள்ளை, இன்னும் காது குத்தேல்லையோ? வா, பத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போறன்."

"வேணாம் ஆண்ட்டி. மாமா மடியில உக்காந்துதான் குத்தணுமாம். அம்மா சொன்னாங்க. மாமா லோரி ஓட்டுறாரு."

"அம்மாவோ?"

பிள்ளை சட்டென்று வாயைப் பொத்தியது. பிறகு, "செத்துட்டாங்க" என்று ஒப்பித்தது.

இன்னொரு வடைக்குத் தோட்டத்தின் பெயரும் வெளியே வந்தது. மறுநாளே அம்மாள் பஸ் மாறி மாறிக் கெர்லிங் பக்கம் போய், தொழிலாளர் லயத்தில் அமராவதியின் தாய் வேலம்மாவைப் பிடித்துவிட்டார்.

"படிக்க வைக்கிறேன்னுதானேம்மா கூட்டிட்டுப் போனாரு! பாக்க வந்தா புள்ள ஏங்கிடும், வராதேன்னாரு."

"படிப்போ? அங்க நீ செத்துப்போனாய் எண்டு பிள்ளையைச் சொல்ல வச்சிருக்கிறான்."

வேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டாக் குடுப்பாரா? நாங்க தோட்டத்து ஆளுங்க."

"தனியக் கேட்டால் குடான். ஆக்களுக்கு முன்னால கேக்கோணும். உன்ரை தம்பி எங்க?"

அந்த ஞாயிறு, அமராவதி ஒரு வெள்ளைக்கார அம்மாள் மடியில் இருக்க, 'இவளுக்கு உலகத்தில் யாருமில்லை' என்று ரெங்கசாமி ஆங்கிலத்தில் உருகிக்கொண்டிருந்தார். வாசலில் லோரி வந்து நின்றது. வெற்றிலைத் தட்டோடு வேலம்மா, தம்பி பாலன், ஊசியோடு பத்தர் இறங்கினார்கள். முன்னால் பட்டுச்சேலையில் வாகீஸ்வரி. இவள் தாய், இவர் தாய்மாமன், இருவரும் உயிரோடு நல்ல சுகமாக இருக்கிறார்கள், இன்று பிள்ளைக்குக் காது குத்து என்று கிராணி வீட்டு ஆங்கிலத்தில் அறிவித்தார்.

"உள்ள வந்து பேசலாம் லா, மேடம்," என்று ரெங்கசாமி பல்லைக் கடித்தார்.

"ஏன் உள்ள? காது குத்து நாலு பேருக்கு முன்னாலதானே."

உன் அம்மாவா என்று வெள்ளைக்காரி கேட்டாள். பிள்ளை ரெங்கசாமியைப் பார்த்தது. "மை மதர் டெட்."

வேலம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பாலன் மட்டும் ஒன்றும் கேட்காதவன்போலத் தரையில் சம்மணமிட்டு மடியைத் தட்டினான். "வாடி மருமவளே. லோரிய ரோட்டுல வுட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம்."

பிள்ளை வெள்ளைக்காரி மடியிலிருந்து மெல்ல வழுக்கி இறங்கி, இந்த மடிக்கு வந்தது. பத்தர் காதில் ஊசியை ஏற்றினார்.

"அம்மா!" என்று அலறி அது வேலம்மாவை நோக்கிக் கையை நீட்டியது.

யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரி கேமராவைப் பைக்குள் போட்டு மூடினாள். வேலம்மா மகளைத் தூக்கிக்கொண்டு லோரியில் ஏற, ரெங்கசாமி வெள்ளைக்காரர்கள் முன்னால் வழிவிட்டு ஒதுங்கினார்.

வாகீஸ்வரியோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இனிச் சொல்லுங்கோ பாப்பம். உங்கட அம்மாமார் எந்தத் தோட்டம்?"

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அம்மாளுடையது ஒட்டுக் கேட்டுப் பழகிய காது. ஒரு பெயரையும் அது தவறவிடவில்லை.