திருத்தவும் நீட்டவும் அனுமதி

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி, ஒஹையோவில் வெல்டன் என்ற சிற்றூர், மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் விருந்து. நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. அந்த மீனுக்கு மட்டும் இருபத்திரண்டு வருடமாக விசுவாசி. எனக்கு முன்னால் நின்ற மனிதர், அவருக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

“நான் சொன்னதத் திருத்தவும் நீட்டவும் அனுமதி வேணும், மார்வா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். (ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றிவிட்டேன். மீனை மாற்றவில்லை.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“ரஸல் ஹேவர்கேம்ப் விலையுயர்ந்த கோட்டு போட்ட நரி. அவர் கால் வைத்த ஆலை எதுவும் அதன்பின்—”

நிறுத்திவிட்டேன். கோட்டு உண்மை. நரி என் சோம்பேறித்தனம்.

இரண்டாவது: “முன்னாள் காங்கிரஸ்காரரான ரஸல்—” இதுவும் ஆகாது. தமிழில் காங்கிரஸ்காரர் என்றதும் ஒரு கதர்ச்சட்டை வந்து நின்றுகொள்கிறது. இவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவர். தோற்றுப் பத்து வருடமான பிறகும் ஊர் அவரைக் ‘காங்கிரஸ்மேன்’ என்றுதான் கூப்பிடுகிறது. பதவி போகும், பட்டம் போகாது.

மூன்றாவது தொடக்கம் மழையில் ஆரம்பித்தது. அன்று மழையே இல்லை.

3

ஆகவே ஆளைச் சொல்கிறேன். பன்றிப் பண்ணைக்காரரின் மகன். பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர். ஆறு தேர்தல் ஜெயித்தார், ஏழாவதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாக்கில் கவிழ்ந்தார். மறுநாள் காலை மனைவி கோரின் காப்பிக் கோப்பையை நீட்டியபடி, “இனிமே செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டிய நீங்களே தெருவுக்குத் தள்ளிட்டுப் போகலாம், காங்கிரஸ்மேன்” என்றாள். அவர் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார்.

அப்புறம் சிகாகோவிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் அழைத்தது. அவருடைய மூளைக்காக இல்லை, அவர் கூப்பிட்டால் போனை எடுப்பவர்களுக்காக. இது அவருக்கும் தெரியும், உறுத்தவும் செய்தது. ஐம்பத்தேழு வயதில், பேரன் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து நிதிப் பாடம் படித்தார். (பேரன் வயது என்பது மிகை. மகன் வயது.) மூழ்கும் ஆலைகளை வாங்கி, செப்பனிட்டு, விற்பது அந்த நிறுவனத்தின் தொழில். ஏணி செய்யும் ஆலை ஒன்றும் ரொட்டிக் கம்பெனி ஒன்றும் இவர் பிடிவாதத்தால் பிழைத்தன. அந்த ரொட்டியைத் தவிர வேறு ரொட்டியை வீட்டுக்குள் விடமாட்டார். அது அப்படியொன்றும் ருசியான ரொட்டி இல்லை.

பிறகு வெல்டனில் பம்ப் வார்க்கும் பவுண்டரி விலைக்கு வந்தது. வாங்க ஆளில்லை. இவர்தான் நிறுவனத்தின் மற்றப் பங்குதாரர்களோடு மல்லுக்கட்டி வாங்க வைத்தார். முந்நூற்றுப் பத்துப் பேருக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருந்தது. அதற்குமேல் பவுண்டரியால் மூச்சுப் பிடிக்க முடியவில்லை. அடுத்த புதன்கிழமை, மூடுவதற்கான தாளில் பங்குதாரர்கள் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் இவர் அந்த நிறுவனத்தில் இருக்கமுடியாது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் மீன் சாப்பிட வந்தார். ஏன் வந்தார் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மனசாட்சி, பசி, பழக்கம். கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான்: வருடா வருடம் வருகிறவர் அந்த வருடம் வராமல் போனால் ஊர் புரிந்துகொள்ளும். வாயை மூடிக்கொள்வதற்காகவே ஒரு மனிதர் ஐந்து மணி நேரம் காரோட்டி வந்தார். பாவம்.

4

மார்வா பிக்ஸ்லர் அவருடைய தொகுதி அலுவலகத்தைப் பன்னிரண்டு வருடம் நடத்தியவள். வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதியவள் அவள். கையெழுத்து மட்டும் அவருடையது. அவள் கணவன் டேல் பவுண்டரியில் வார்ப்பு அச்சுப் பிரிவில் இருந்தான்.

“மெலிஞ்சுட்டீங்களே காங்கிரஸ்மேன்! சிகாகோவுல சாப்பாடு போடறதில்லையா?”

“போடறாங்க மார்வா. தட்டு பெருசு, மேல இருக்கறது சின்னது.”

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு கேக்கணும். டேலுக்கு அடுத்த மாவட்டத்துல வேலை வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சம்பளம் கம்மி, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பவுண்டரி நிக்கும்னா அவன் போகமாட்டான். சொல்லுங்க, நிக்குமா?”

ரஸல் தன் தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது.

“இன்னைய தேதி வரைக்கும், மூடறதா எந்த முடிவும் எடுக்கப்படல.”

பொய் இல்லை. கையெழுத்து புதன்கிழமைதானே.

“இந்த வாக்கியம் எனக்குத் தெரியும்” என்றாள் மார்வா. “ராணுவக் கிடங்க மூடினப்போ ஜனங்களுக்குப் போன கடுதாசில இருந்துச்சு. ‘எடுக்கப்படல’ன்னு போடுங்க, யாரு எடுக்கலன்னு எவனும் கேக்கமாட்டான்னு நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

“மாட்டிக்கிட்டீரு காங்கிரஸ்மேன்!” என்று பின்னாலிருந்து எவரோ கத்தினார்.

அப்போதுதான் அவர் அந்த வாசகத்தைச் சொன்னார். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

[அவையில் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்த உறுப்பினர், பேசியதைத் திருத்தவும் நீட்டவும் அனுமதி கேட்கலாம். கொடுத்துவிடுவார்கள். அச்சில் வரும்போது, சொல்ல மறந்ததும் சேர்ந்திருக்கும். இப்படி ஒரு சலுகையோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவருக்கு, மீன் வரிசையில் அது செல்லாது என்பது எப்படி நினைவிருக்கும்? எனக்கு அந்தச் சலுகை தினமும் உண்டு. மேலே மூன்று தொடக்கங்களை அடித்தேனே.]

மார்வா சிரிக்கவில்லை. “அனுமதி குடுத்தாச்சு” என்றாள். “நீட்டுங்க.”

5

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லவேண்டும். அடுத்து அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

“நேம்பி! கோஸா, மக்ரோனியா? சீக்கிரம் சொல்லு, பின்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு!” என்று பரிமாறுகிறவர் கரண்டியை ஆட்டினார்.

(என் பெயர் நம்பி. திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) மக்ரோனி என்றேன். திரும்பிப் பார்த்தபோது ரஸலின் வாய் மூடியிருந்தது. மார்வா தட்டைத் தூக்கிக்கொண்டு டேல் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

ஒரு முடிவில் அவரைச் சொல்ல வைத்தேன். கூட்டம் எழுந்து நின்றது. படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் சொல்ல வைக்கவில்லை. அவர் வண்டி நிறுத்துமிடத்தில் அழுதார். அழுகிறவரை மன்னிப்பது சுலபம், அதனால் அதையும் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை டேல் அந்த வேலையை ஒப்புக்கொண்டான். செப்டம்பரில் பவுண்டரி மூடியது. ரஸல் இன்னும் பங்குதாரராகத்தான் இருக்கிறார். அதனால் அவர் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மார்வா காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. அவர் சொன்னதால் டேல் போனானா, ‘எடுக்கப்படல’ என்ற ஒரு சொல்லிலேயே மார்வாவுக்குப் புரிந்துவிட்டதா?

6

போன மாதம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அவள் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தாள். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“அன்னைக்கு அவர் என்ன சொன்னாருங்க?”

“உனக்கெதுக்கு?”

“ஒரு கதைக்கு.”

“எந்தப் பாஷையில?”

“என் பாஷையில. இங்க ஒருத்தரும் படிக்கமாட்டாங்க.”

மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டாள். மூடினாள்.

“அப்போ, சொல்லிட்டாருன்னு எழுது.”

“நிஜமா சொன்னாரா?”

“நீ எழுது நேம்பி. பன்னெண்டு வருஷம் அந்த மனுஷன் பேசினதெல்லாம் நான்தான் திருத்தியிருக்கேன். இன்னும் ஒண்ணு திருத்தினா கை ஒடிஞ்சிடாது.”

அவள் போன பிறகு எனக்கு ரஸல் ஹேவர்கேம்ப்மேல் பொறாமையாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், நல்ல பொறாமை.

அவள் சொன்னபடி எழுத ஒன்பது தடவை முயன்றேன். ஒன்பதும் மேடைப் பேச்சாகவே வந்தது. ஆகவே அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் அவரை நம்புகிறீர்களோ இல்லையோ, மார்வாவுக்காக எழுதுங்கள்:

“மார்வா, ................................”

கோடு சிறியதுதான். அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் நாற்பது பேர். டேல் அங்கே மேசையில் மீனுக்காகக் காத்திருக்கிறான். மூன்று நான்கு சொல்லுக்குமேல் அவருக்கு நேரமில்லை.