சிவப்புக் கழுத்துப்பட்டி

லக்சிகாவின் இருபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அண்ணன் சுகிர்தன் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். செத்துப்போன அவளுடைய நாய் மிக்காவின் படம். கைப்பேசியில் இருந்த புகைப்படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, எண்ணெய் ஓவியம்போல மாற்றி, துணியில் அச்சடித்துச் சட்டமும் போட்டிருந்தான்.

"எப்பிடி? கையால கீறின மாதிரியே இருக்கெல்லோ?"

லக்சிகா பார்த்தாள். மிக்காவின் இரண்டு காதும் விறைத்து நின்றன. காப்பகத்திலிருந்து கூட்டிவந்த நாளிலேயே அதற்கு இடது காது பாதிதான். கழுத்தில் பளிச்சென்று ஒரு சிவப்புப் பட்டி. அவள் வாங்கிப் போட்டதோ பழுப்புத் தோல்பட்டி.

"காது பிழை. பட்டியும் பிழை."

"அதெல்லாம் ஆப் தானாப் போடுறது. பிறந்தநாளிலயும் பிழை பிடிக்காத."

வாங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

அதற்கு முன், பெப்ரவரியில் அவளுக்குப் பான் நகரில் இரண்டு நாள் பயிற்சி இருந்தது. மிக்காவைத் தங்கள் ஊரான வுப்பர்டாலிலேயே அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஞாயிறு பின்னேரம் மூன்று பத்துக்கு சுகிர்தன் கூப்பிட்டான். கழுத்துப்பட்டி அறுந்து, நாய் தெருவுக்கு ஓடிக் காரில் அடிபட்டுவிட்டது என்றான். "பழம் பட்டியெல்லோ, எத்தினை நாளைக்குத் தாங்கும்?" என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தக் கேள்வி மூன்று மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. புதுப்பட்டி வாங்கவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டவள் அவள்தானே.

மறுநாள், காதையாவது திருத்தலாம் என்று அந்த ஆப்பை இறக்கினாள். மாற்றுவதற்கு முந்திய புகைப்படத்தை அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எழுதினாள். "அழிச்சிட்டன்" என்று பதில் வந்தது. அண்ணி தர்மிகாவிடம் கேட்டாள். அவளிடமும் அது இருந்தது; ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்.

அந்தப் புகைப்படத்தில், அண்ணன் வீட்டு வாசல்படியில் மிக்கா நாக்கைத் தொங்கப் போட்டபடி நிற்கிறது. பாதிக் காது சரிந்து கிடக்கிறது. கழுத்தில் ஒன்றுமே இல்லை. படம் எடுத்த நேரமும் அதோடு வந்திருந்தது: அதே ஞாயிறு, பின்னேரம் இரண்டு ஐம்பத்திரண்டு.

அவள் படத்தை ஆப்பில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் காது நிமிர்ந்தது. பட்டி மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. கீழே ஒரு கட்டம் இருந்தது: என்ன சேர்க்கவேண்டும் என்று எழுதச் சொல்லி. 'சிவப்புக் கழுத்துப்பட்டி' என்று எழுதினாள். உடனே வந்தது.

சட்டம் போட்ட படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டுத் தெரு முழுக்க நடந்தே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"பட்டியை ஆர் கழட்டினது?"

சுகிர்தனின் முகம் கறுத்தது. "எங்கட பிள்ளையள் பிடிச்சு இழுத்து விளையாடினவை. அதுக்குக் கழுத்து நோகும் எண்டு கழட்டினனான். ரெண்டு நிமிசம்தான்."

"அறுந்தது எண்டு சொன்னனியே?"

"அந்த நேரம் வேற என்னத்தைச் சொல்ல?"

"பட்டி எங்க?"

"எறிஞ்சிட்டன்."

தர்மிகா உள்ளே போய், மேசை லாச்சியிலிருந்து அதை எடுத்து வந்தாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. "இவர் அறுந்ததெண்டோ சொன்னவர்? சத்தியமா எனக்குத் தெரியாது லக்சி" என்றாள்.

"நான் வாங்கின பட்டிதான் அதைச் சாக்காட்டினது எண்டு உன்ர முன்னாலயே இருந்து அழுதனான். நீ தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்தனி."

"ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு கத்திறியே! ஆசையாப் படம் செய்து தந்தனான்தானே?"

"பொய்யை மறைக்கப் பட்டி கீறித் தந்தனி."

"போடி, உனக்குக் கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையள் இருந்தாத் தெரியும்!"

அவள் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தோல்பட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். "இதையும் கொண்டு போ!" என்று பின்னாலிருந்து கத்தினான். திரும்பவில்லை. இறக்கத்தில் வேகமாக நடந்தாள். அழுகை வரவில்லை. மூன்று மாதம் அழுத அழுகையை நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

ஆடி மாதம் சின்னம்மா கமலநாயகி வீட்டு விருந்தில் சுகிர்தன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னும் கோவமோ?"

"ஓம்."

"வேற நாய் ஒண்டு வாங்கித் தாறனே."

லக்சிகா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பி, சன்னலோரத்து மேசைக்குப் போய் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.