இரவல் சோபா

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று மகள் சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஊரார் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவள் அவள். அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. இப்போது பல்கலைக்கழகமே அவள் வாசலுக்கு வருகிறது. சும்மா இருப்பாளா?

மகள் காலையில் வகுப்புக்குக் கிளம்பியதுதான் தாமதம், அவர்கள் குடியிருந்த மாடியே அமளிதுமளிப்பட்டது. எதிர்வீட்டு டிரைவரின் சோபா வந்தது. பக்கத்துவீட்டுத் தையல்காரியின் ஃபிரிட்ஜும் டிவியும் வந்தன. போதாக்குறைக்குத் தன் தோட்டையும் கழற்றி அம்மாவின் காதில் மாட்டினாள் தையல்காரி.

“இப்பதான் பார்க்க லட்சணமா இருக்க. வந்தவங்ககிட்ட அளவா பேசு, தெரியுதா?”

அளவாகப் பேசுவது அம்மாவுக்கு வராத கலை.

வந்த அலுவலர் சின்னப் பெண். சோபாவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். கைபேசியில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள்.

“இதெல்லாம் உங்களோடதாம்மா?”

“பின்ன வேற யாரோடது? எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. என் பொண்ணு யார்கிட்டயும் போய் நிக்கணும்னு அவசியமே இல்ல.”

அலுவலரின் முகம் மாறியது. அசந்துபோய்விட்டாள் என்று நினைத்து அம்மா உள்ளூரப் பூரித்தாள், பாவம்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா... என்னம்மா இது?”

அலுவலர் எழுந்தாள். “வீட்ல வசதி இல்ல, உதவித்தொகை கிடைக்கலைன்னா படிப்பை விடணும்னு உங்க பொண்ணு எழுதியிருந்தாங்க. அது நிஜமான்னு பார்க்கத்தான் வந்தேன்.”

அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்மகிட்ட இல்லைன்னு எழுதினியா?”

“உன்கிட்ட சொன்னா எழுத விட்டிருப்பியாம்மா?”

விட்டிருக்க மாட்டாள்தான். பட்டினி கிடந்த நாளிலும் சாப்பிட்டாயிற்று என்று சொல்லியே பழகிய வாய் அது. அந்த வாயை மீறி, பெற்ற மகளே முன்பின் தெரியாதவர்களிடம் இல்லை என்று எழுதிவிட்டாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மகளின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது.

“மேடம், இது எதுவும் எங்களோடது இல்ல,” என்றாள் மகள். குரல் உடைந்தது.

“உங்கம்மாவே அவங்களோடதுன்னு சொல்லிட்டாங்களே. நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?” அலுவலர் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

அம்மா வெளியே ஓடினாள்.

“டிரைவரண்ணே! அக்கா! வந்து உங்க சாமானெல்லாம் எடுத்துட்டுப் போங்க!”

“அவங்க இருக்கும்போதா? மானம் போயிடும்டி,” என்று பதறினாள் தையல்காரி.

“போனா போகட்டும். எடுங்க.”

டிவி போனது. ஃபிரிட்ஜ் போனது. சோபாவைத் தூக்க வழிவிட்டு அலுவலர் சுவரோரம் ஒதுங்கினாள். அம்மா தோட்டைக் கழற்றித் தையல்காரியின் கையில் வைத்தாள். அறையில் ஒரு பாய், ஓர் அடுப்பு, சோப்பு அட்டைப்பெட்டி மேல் மகளின் புத்தகங்கள்.

அம்மா நடுவில் நின்றாள். சொல்லிப் பழகாத சொல்லைச் சொன்னாள்.

“எங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. இப்ப எடுங்க படம்.”