மாப்பிள்ளையின் இடது கன்னம்

நாயைக் கண்டதும் கை வைக்கிற மருத்துவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் கால்நடை மருத்துவர்தான். ஆனால் கடிக்கிற, பயப்படுகிற நாய்களின் நடத்தையைச் சரிசெய்வதுதான் என் வேலை. முதல் சந்திப்பில் நாயைத் தொடவே மாட்டேன். மூலையில் உட்கார்ந்து, அது எங்கே பார்க்கிறது, எப்போது வாலைத் தாழ்த்துகிறது என்று எழுதிக்கொள்வேன். 'தொடாத டாக்டர்' என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். இரண்டாவது சந்திப்பில் உடம்பைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்பதும் என் விதிதான், அதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன்.

தையல்காரம்மா கொண்டுவந்த பழுப்பு நாயின் பெயர் மாப்பிள்ளை.

"தட்டை வச்சிட்டுப் போனா சாப்பிடமாட்டான் டாக்டர். பக்கத்துல உக்காந்து ரெண்டு தடவை 'சாப்பிடுங்க'ன்னு சொல்லணும். அதான் அந்தப் பேரு" என்றார். இரண்டு மாதமாக முகத்தைத் துடைக்கப் போனால் சீறுகிறதாம். "அதுவும் இடது பக்கம்தான். வலது பக்கம் என்ன பண்ணாலும் சும்மா இருக்கான்."

"எந்தக் கையால துடைப்பீங்க?"

"வலது கைதான்."

"எதிர்ல உக்காந்தா உங்க வலது கை அவனோட இடது பக்கம்தானே போகும்? அந்தக் கையப் பாத்துத்தான் பயப்படுறான்" என்றேன். சொல்லும்போதே எனக்கே என்மேல் மரியாதை வந்தது. முன்பு பார்த்த மருத்துவர் 'உடம்பில் குறை இல்லை' என்று எழுதிக்கொடுத்த சீட்டு என் மேசையில் கிடந்தது. உறுமுகிற நாயின் வாயைத் திறந்து பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

முகத்தைச் சுற்றி மாட்டும் வார் ஒன்றைக் கொடுத்தேன். வளையத்தை நீட்ட வேண்டும், நாய் தானாக மூக்கை உள்ளே விட்டால் கோழித்துண்டு. ஒரு நாளைக்குப் பத்து முறை. அந்தம்மா இரண்டு சட்டை தைத்தால் நடுவில் ஒரு பயிற்சி என்று விடாமல் செய்தார். நான்காவது வாரம் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தானே மூக்கை நுழைத்தான். அதை வீடியோ எடுத்து, நாய் வளர்ப்பவர்களுக்கு நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினேன்.

"கண்ணை மூடிக்கிறான் பாருங்க, எவ்வளவு நம்பிக்கை!" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆறாவது வாரம், வாரை இறுக்கிய அந்தம்மாவின் மகளை மணிக்கட்டில் கடித்துவிட்டான். நான்கு தையல். தையல்காரம்மா தொலைபேசியில் அழுதார். என் பயிற்சி தோற்றுப்போன கடுப்பில் இருந்த நான், "இனிமே இவன நம்ப முடியாதும்மா. ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லது" என்று சொன்னேன். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை மேசைமேல் கிடத்தி முதலில் மயக்க ஊசி போட்டேன். அடுத்த ஊசிதான் கடைசி ஊசி. தாடை தளர்ந்து உதடு சரிந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது மேல் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து, ஈறெல்லாம் சீழ். கண்ணுக்குக் கீழே வீக்கம், முடிக்குள் மறைந்திருந்தது. சரியாக வார் அழுந்துகிற இடம்.

கையில் கடைசி ஊசி இருந்தது. தையல்காரம்மா நாயின் முதுகில் முகம் புதைத்திருந்தார், ஒன்றையும் பார்க்கவில்லை. உதட்டை மூடிவிட்டு ஊசியைப் போட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அப்படி நினைத்தேன். ஒரு நொடி இல்லை, நன்றாகவே நினைத்தேன். அந்த நினைப்பை எண்ணினால் இன்றைக்கும் கூனிக் குறுகிப் போகிறேன்.

ஊசியைக் கீழே வைத்தேன்.

"அம்மா, எந்திரிங்க. இவனுக்குப் புத்தி கெடல, பல்லு ஒடைஞ்சிருக்கு. நான் வாயத் தொறந்தே பாக்கல. தப்பு என்னோடது."

அப்போதே பல்லைப் பிடுங்கிச் சீழை எடுத்தேன். முடித்து வெளியே வந்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்பார் என்று தயாராக இருந்தேன். கேட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"பொழச்சுக்குவானா?"

"பொழச்சுக்குவான். வலி போயிட்டா கடிக்கவும் மாட்டான்னு நினைக்கிறேன்."

தலையாட்டினார். பிறகு மெதுவாக, "அந்த வார் பல்லு மேலயா அழுத்துச்சு?" என்றார்.

"ஆமா."

"நானும் ஒரு நாளைக்குப் பத்து தடவை மாட்டினேனே." அவர் விரல்கள் முந்தானையைத் திருகின. "அவ்வளவு வலியிலயும் கூப்பிட்டப்பல்லாம் வந்தான் டாக்டர். ஒரு தடவகூட வராம இருந்ததில்ல."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"நாய் மனசு படிச்சவங்க நீங்க" என்றார். குரலில் குத்தல் துளியும் இல்லை, நிஜமாகவே கேட்டார். "நான் அவன்கிட்ட எப்படி மன்னிப்புக் கேக்குறது? சொல்லிக் குடுங்க, வீட்டுக்குப் போய்ச் செய்யறேன்."