பூசாமல் விட்ட இடம்

என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள்மீது ஆணை: இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

மனைவி கடைசியாக வரைந்த படத்தை அவள் தலைமாட்டில் வைக்கலாம் என்று சலூன்காரர் உள்ளறைக்குப் போனபோது, அவருடைய மச்சினன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு வண்டி வரும். அப்போது மணி இரண்டு.

மச்சினன் இரும்புக் கேட்டுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். காலையிலிருந்து அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"அக்கா பாதியில விட்டுட்டுப் போயிட்டா மாமா. மனசு கேக்கல. நானே முடிச்சிட்டேன்."

படத்தில் ஒற்றைச் சேம்பிலை. நேற்றுவரை அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக இருந்த இடத்தில் இப்போது பச்சை. கேட்டுக்கு அடித்ததுபோல ஒரு திட்டுகூட இல்லாமல் சீராக இருந்தது.

"அது வெளிச்சம்டா," என்றார் சலூன்காரர்.

"ஒண்ணுமே அடிக்காம கெடந்துச்சே மாமா."

"அதான்."

நர்சரிக்காரர்களின் புத்தகங்களுக்குச் செடி வரைவது அவள் தொழில். வெளிச்சம் எந்தப் பெயிண்ட் டியூபிலும் வராது, அது காகிதத்திலேயே இருக்கிறது, மூடாமல் விடுவதுதான் வேலை என்பாள். முப்பத்தோரு வருஷமாக அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் இவர். பத்து மணிக்குப் பின்கட்டுச் செடிகளை விட்டு வெயில் நகர்ந்துவிடும். பத்தடித்ததும் சலூன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். வெயிலை அதில் வாங்கி இலைமேல் திருப்பிப் பிடித்தபடி நிற்பார். கொஞ்சம் கீழே, அவ்வளவு வேண்டாம், மூச்சு விடாதீர்கள் என்பாள். அரைமணி நேரம் மூச்சு விடாமல் நின்றதும் உண்டு. அப்படி ஒருநாள் பாதி மீசையோடு காத்திருந்த வாடிக்கையாளர், பொறுமையிழந்து அந்தக் கோலத்திலேயே பெண் பார்க்கப் போனார். சம்மதம் கிடைத்துவிட்டது. மீதி மீசையைக் கடைசிவரை எடுக்கவேயில்லை. இன்னொரு நாள், காயவைத்த வாழையிலைப் படத்தை ஓர் ஆடு மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. அவள் ஆட்டின் கருத்தை ஏற்று, மறுபடி பச்சை கலந்தாள். மறுநாள் அதே ஆடு ஓர் ஓரத்தைத் தின்றது. வீட்டில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம்.

நேற்று, ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்தபடிதான் வரைந்தாள். கண்ணாடியைப் பிடித்த இவர் கை நடுங்க, இலைமேல் வெயிலும் நடுங்கியது. அவள் கோபிக்கவில்லை. தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். வெயில் ஒரு நொடி எங்கே நின்றதோ, அந்த இடத்தைச் சுற்றி வரைந்தாள். பிறகு, "போதும், உக்காருங்க," என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவரை உட்காரச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அந்த இடத்தின்மேல்தான் மச்சினன் பூசியிருந்தான்.

ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தார். பச்சை இன்னும் அகலமானது. மணி மூன்று. சவரக் கத்தியை எடுத்துவந்து தோல்வாரில் பத்துத்தரம் தீட்டினார். மச்சினன் படத்துக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டான். காய்ச்சல்காரனின் கன்னத்தை மழிப்பதுபோல, கத்தியைப் படுக்கவைத்து, பச்சையைச் சுரண்ட ஆரம்பித்தார். தூள் தூளாக உதிர்ந்தது.

"நோவாம பண்ணுங்க மாமா," என்றான் அவன்.

படத்தைக் கூடத்துக்கு எடுத்துவந்ததும் அப்படியொரு வெளிச்சம். கடைசி வரிசை நாற்காலிக்காரர்கள் கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்கள். பெரியம்மா ஒருத்தி, பட்டப்பகலில் யார் லைட்டைப் போட்டது என்று திட்டினாள். ஜன்னலோரத் தொட்டியில் சேம்பு இந்தப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. வெளிச்சம் அவள் நெற்றியில் விழுந்தது. சலூன்காரர் படத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். அது கன்னத்துக்கு இறங்கியது. யாரும் எதுவும் சொல்லாததால் அப்படியே வைத்தார்.

வண்டி வந்தது.

படம் இன்றும் அந்த வீட்டில் மாட்டியிருக்கிறது. இலையின் நடுவில் இருப்பது ஓட்டை. அதில் தெரிவது சுவர்.