புத்தலப்பட்டு மேட்டில் இரண்டு கார்கள்

மனித குலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளக்க வேண்டுமானால், பிரகாசத்தின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துச் சலூன் காரைத் தியோடரின் இருபத்தொன்றாம் வருஷத்து டி மாடல் போர்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிரகாசம் இதைப் பிரசங்கம் மாதிரியே சொல்லுவான். சலூனுக்குக் கதவில் கண்ணாடி, மெத்தை சீட்டு, உள்ளே விளக்கு. போர்டுக்குக் கித்தான் கூரை. பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில். செங்குத்தான மேட்டில் எஞ்சின் மேலே தூக்கிக்கொள்ளும், பெட்ரோல் அதுவரை ஏறாது. அதனால் தியோடர் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில்தான் ஏற்றுவான்.

“முதுகைக் காட்டிக்கினு மேடு ஏறுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்பான் பிரகாசம்.

அவன் மனசிலிருந்த பொண்ணு யூனிஸ். அத்தை மகள், திருப்பதியில் டீச்சர். லீவுக்கு அவளையும் அத்தை தபீதாளையும் சித்தூருக்கு அழைத்து வரும் வழியிலேயே கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம் என்றுதான் போயிருந்தான். ஆனால் யுத்த காலம். பெட்ரோல் கூப்பன் கிடைக்காமல் கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டும் டிரம் சலூனின் முதுகில் ஏறியிருந்தது. பெட்டி வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரி கூப்பனில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மருந்து எடுக்கத் திருப்பதிக்கு வந்திருந்தான் கம்பவுண்டர் தியோடர்.

“நம்ம பொட்டியெல்லாம் அந்தத் தம்பி வண்டியில ஏத்துடா,” என்றுவிட்டாள் அத்தை.

பெட்டி முன்னால் போனது. யூனிஸ் வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டியைத்தானா என்று பிரகாசத்துக்குச் சந்தேகம்.

புத்தலப்பட்டுக்கு முன்னால் மேடு வந்தது. தியோடர் வண்டியைத் திருப்பினான். ரிவர்ஸில் ஏறுகிறவனின் முகம், பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துத்தான் இருக்கும் என்பது அப்போதுதான் பிரகாசத்துக்கு உறைத்தது. தியோடர் ஒரு தரம் பாதையைப் பார்த்தான், இரண்டு தரம் யூனிஸைப் பார்த்தான்.

“யோவ், ரோட்டைப் பாருய்யா!”

“பார்த்துக்கினுதான் போறாரு மாமா,” என்றாள் யூனிஸ். திருப்பதியிலிருந்து அவள் இவனிடம் பேசியது அவ்வளவுதான்.

பாதி மேட்டில் சலூன் இருமியது, நின்றது. கரிக்கு அவ்வளவுதான் பலம்.

“வெயிட்டு கொறைஞ்சா ஏறிடும்,” என்றான் பிரகாசம்.

“எனக்கு முட்டி வலி. நான் எறங்க மாட்டேன்,” என்றாள் அத்தை.

யூனிஸ் இறங்கினாள். இவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்க வேண்டாம். நேரே மேலே நடந்துபோய், அங்கே நின்றிருந்த போர்டின் முன்சீட்டில் மருந்துப் பார்சலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சலூன் ஓரடி முன்னால் போய் ஈரடி பின்னால் வந்தது.

“அண்ணே, ரிவர்ஸ் கியருக்கு இழுவை ஜாஸ்தி!” என்று மேலிருந்து கத்தினான் தியோடர்.

பிரகாசம் காது கேட்காதவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தான். ரோட்டில் யாரும் இல்லை. வண்டியை அடிவரைக்கும் உருளவிட்டு, மெல்லத் திருப்பினான்.

“என்னடா, மறுபடி திருப்பதிக்கா?”

“சும்மா இருங்க அத்தே.”

ரிவர்ஸ் விழுந்தது. பின் கண்ணாடியை டிரம் மறைத்தது; தலையை வெளியே நீட்டித்தான் வழி பார்க்க வேண்டும். வழியைப் பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். பார்க்காவிட்டால் வண்டி பள்ளத்தில். பார்த்துக்கொண்டே ஏறினான்.