மௌனம் என்று வெட்டியது

நான் எழுதுகிற மென்பொருள் இலவசம். அதன் மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், என்னைத் திட்டலாம். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். ஒலிப்பதிவுகளை வெட்டி, ஒட்டி, அடுக்கி வைக்கிற வேலை அதற்கு. மூன்று விதமான இயங்குதளங்களிலும் ஓடும். கையால் ஆயிரம் தடவை செய்ய வேண்டியதைப் பத்து வரி ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்தால் தானே செய்து முடித்துவிடும். எட்டு வருடமாக இதில் என்னோடு சேர்ந்து மாரடிக்கிறவன் தாடி. நேரில் பார்த்ததில்லை. அவன் போட்டிருக்கும் படத்தில் தாடி மட்டும்தான் தெரியும், அதனால் அந்தப் பெயர்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான்தான் யோசனை சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிந்து வைத்துக்கொண்டால், அதைக் கொண்டு கணினியில் ஒரு குரல் உண்டாக்கலாம். அவர் தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே அது பேசும். ஆயிரத்து இருநூறு வாக்கியம் வேண்டும். வீட்டில் எதிரொலி இல்லாத இடம் துணி அலமாரிதான். பதினோரு நாள், தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு அண்ணன் வாசித்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு." "சாவிய எங்க வச்ச?" அண்ணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிந்த வாக்கியத்தையெல்லாம் தாளில் அடித்துக்கொண்டு வந்தார். பதிவுக் கருவி ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில், அதாவது கணினியில் செருகுகிற டிஸ்கில், ஏற்றிவிட்டு, கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆபரேஷன் முடிந்த பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த வட்டை அண்ணனுடைய கணினியில் செருகினேன். பழைய கணினி. மூன்றாவது இயங்குதளத்தை அதில் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். ஸ்கிரிப்ட் தயாராக இருந்தது. ஒவ்வொரு பதிவிலும் பேச்சில்லாத இடத்தை வெட்டும், புதிதாகச் சேமிக்கும், பழையதைக் கணினியின் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும். என் வீட்டில் மற்ற இரண்டு இயங்குதளங்களும் ஓடுகிற இரண்டு கணினியிலும், என் குரலை வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தேன்.

"தம்பி, ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு செய்யலாமா?" என்றார் அண்ணி.

"எதுக்கு அண்ணி? இது எதையும் அழிக்காது. குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

ஊருக்கெல்லாம் காப்பி எடுத்து வை என்று உபதேசம் செய்கிறவன் நான். அன்றைக்கு என்னவோ, அண்ணி கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் பதிவை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினேழாவதில் ஓர் இருமல். இன்னும் பத்தைத் திறந்தேன், அங்கங்கே இருமல் மட்டும் பிழைத்திருந்தது. ஒலி எந்த அளவுக்குக் கீழே போனால் மௌனம் என்பதை நான் என் குரலை வைத்து முடிவு செய்திருந்தேன். கட்டி வளர வளர அண்ணன் குரல் தேய்ந்து, கிசுகிசுப்பாகியிருந்தது. அவர் பேசியதை எல்லாம் மௌனம் என்று என் ஸ்கிரிப்ட் வெட்டி எறிந்திருந்தது.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. பழைய பதிவுகள் எங்கே போய்விடும் என்று குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலியாக இருந்தது.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த நோட்டில் பென்சிலால் 'என்ன?' என்று எழுதிக் காட்டினார்.

"டிஸ்க்ல ஏதோ கோளாறுண்ணா. பாத்துடலாம்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

தொலைந்த பதிவுகளை மீட்டுத் தருகிற கடைக்காரர் மறுநாள் வட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாதிரி டிஸ்க்ல அழிச்சா அதுவே உள்ள துடைச்சிடும் சார். ஒண்ணும் வராது."

நடந்ததை எல்லாம் எழுதி, குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியது ஏன் போகவில்லை என்று தாடியிடம் கேட்டேன். பதிலுக்கு அவன் இணையச் சுட்டி ஒன்றை அனுப்பினான். எங்கள் புகார்ப் பட்டியலில் மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம். எழுதியவன் தாடி. 'மூணாவது இயங்குதளத்துல சில வெளி வட்டுக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அப்ப நம்ம ஸ்கிரிப்ட் கேக்காமலே நிரந்தரமா அழிச்சிடுது. நின்னு கேக்கணும்.' அதன் கீழே என் பதில்: 'நின்னு கேட்டா நடுவுல ஸ்கிரிப்ட் தொங்கும். இது யாருக்கு நடக்கப்போகுது? மூடுறேன்.'

புகார் வந்த ஆறாவது நிமிடத்தில் மூடியிருக்கிறேன். அவன் சொன்னதைச் சோதித்துப் பார்க்கவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

"குத்திக்காட்ட அனுப்பல. நீ பாக்கணும்னுதான் அனுப்பினேன்" என்று தாடி எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "அந்தப் பகுதிய நான் எழுதினேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லிக்கோ. என்னை அவருக்குத் தெரியவா போகுது?"

அவன் திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் அண்ணி போன் செய்தார். "டிஸ்க் கெட்டுப்போனா நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? அவரும் புரிஞ்சுக்கிட்டாரு. மனசப் போட்டுக் குழப்பிக்காம சாப்பிடுங்க." போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை போனேன். அண்ணி சமையலறையில் இருந்தார், குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை. அந்தப் பக்கத்தை என் போனில் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"டிஸ்க் கெடலண்ணா. நான் கெடுத்தேன். இப்படி ஆகும்னு மூணு வருஷத்துக்கு முன்னாலயே ஒருத்தன் சொன்னான். நான் கேக்கல."

பையன்களின் விடையைப் படிப்பது போல விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். பென்சிலை எடுத்து, உடனே கீழே போட்டார். தன் போனை எடுத்து வேகவேகமாகத் தட்டினார். எழுதியதைப் படித்துச் சொல்கிற குரல் அந்தப் போனிலேயே உண்டு. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை, தன் குரலுக்காகக் காத்திருந்தார். இப்போது அதை அழுத்தினார்.

சின்ன வயசுப் பெண் ஒருத்தி பேசினாள். "உன் அண்ணி கேட்டாளே, காப்பி எடுக்கலாமா என்று. உனக்கு யார் சொன்னாலும் ஏறாது. என் முன்னால் நிற்காதே." ரயில் எத்தனையாவது நடைமேடைக்கு வருகிறது என்று சொல்கிற பதவிசோடு சொன்னாள்.

அண்ணன் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. ஒலியளவை முழுவதும் ஏற்றிவிட்டு மறுபடி அழுத்தினார். அந்தப் பெண் அதே பதவிசோடு, வீடு அதிரச் சொன்னாள். மறுபடி அழுத்தினார்.

குழாய் நின்றது. அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு தம்பி வந்திருக்கா? ஏதோ பொண்ணு குரல் கேட்டுச்சு."

"அண்ணன்தான் அண்ணி" என்றேன்.